கமலாபுரத்தில் இறங்கும் ஏடிஆர்

சேலம் விமான நிலையம் சேலத்தில் இல்லை. ஊரிலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி, ஓமலூரையும் தாண்டி, தர்மபுரி சாலையை ஒட்டிய கமலாபுரத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து போகும் விமானம் ஏடிஆர் 72. இரண்டு பக்கமும் விசிறி சுற்றும் ரகம். இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே இருப்பதெல்லாம் தெளிவாகத் தெரியும். சேர்வராயன் மலையைப் பார்த்து வாய்பிளந்துகொண்டிருக்கும்போதே, தென்னந்தோப்புகளும் மரவள்ளிக் காடுகளும் கிட்டே வந்து, சக்கரம் தரையைத் தொட்டுவிடுகிறது.

பின்பக்கக் கதவு வழியாக இறங்கி நடந்தே கட்டடத்துக்குப் போகிறோம். விமானக் கதவையும் கட்டடத்தையும் இணைக்கும் ஏரோபிரிட்ஜ், பஸ் எதுவும் கிடையாது. பெட்டி வருவதற்குள் டாக்சிக்காரரிடம் பேரம் பேசி முடித்துவிடலாம். ஓரமாக ஒரு தீயணைப்பு வண்டி தயாராக நிற்கும். நாளுக்கு எத்தனை விமானம் வந்தாலும், அது இல்லாமல் ஒன்றுகூட இறங்க முடியாது. சின்ன நிலையத்துக்கும் இந்தச் செலவுகள் குறைவதில்லை. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் விளக்கு எரிய வேண்டும், ஓடுபாதையைப் பராமரிக்க வேண்டும்.

பாதி நாள் ஆள் வராமல்தான் இருந்திருக்கிறது. 1993இல் கட்டி முடித்தார்கள். என்இபிசி என்ற தனியார் கம்பெனியின் விமானங்கள் வந்தன, கூட்டம் இல்லையென்று நிறுத்திவிட்டார்கள். அப்புறம் பல வருடம் சும்மாவே கிடந்தது. 2009இல் கிங்ஃபிஷர் வந்தது. கடனில் மூழ்கிய அந்தக் கம்பெனியின் கதைதான் ஊருக்கே தெரியுமே.

மூன்றாவது ஆட்டம் 2018 மார்ச்சில் தொடங்கியது. சின்ன ஊர்களுக்கும் குறைந்த கட்டணத்தில் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் சென்னைக்குப் பறந்தது. பாதி இருக்கைகளுக்கு, ஒரு மணி நேரப் பயணம் என்றால் ஏறக்குறைய 2500 ரூபாய் என்று அரசு உச்சவரம்பு வைத்து, அதனால் வந்த நஷ்டத்தை மூன்று வருடத்துக்கு ஈடுகட்டியது. மூன்று வருடம் கடந்தது, 2021இல் சேவையும் நின்றது. கம்பெனியே பணமுடையில்தான் இருந்தது. 2022இல் மொத்தமாகப் படுத்துவிட்டது. மானியம் இருக்கும்வரை மட்டும் ஓடும் வழித்தடத்தை வழித்தடம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சரி, 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்த பிறகு பெங்களூர், கொச்சி, ஐதராபாத் என்று கொஞ்சம் விரிந்தது. சென்னைக்கு மட்டும் பறந்தால் வந்தே பாரத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். நகரத்துக்குள் போகும் நேரத்தையும் செக்-இன் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள், பெரிய லாபமில்லை. ஐதராபாத்துக்கு என்றால் கதையே வேறு.

பெரிய விமானம் ஏன் வரவில்லை என்று பலர் கேட்பார்கள். ஓடுபாதை 1806 மீட்டர். ஏடிஆருக்கு அது தாராளம். ஏர்பஸ்ஸை முழுச் சுமையோடு ஏற்றி இறக்கப் போதாது. அதனால் நீட்ட வேண்டும், நீட்ட நிலம் வேண்டும். 2018இல் 570 ஏக்கர் எடுக்கப்போவதாகச் செய்தி வந்ததும் கமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி விவசாயிகள் எதிர்த்துக் கிளம்பிவிட்டார்கள். சேலம்-சென்னை எட்டுவழிச் சாலைக்கு எதிரான போராட்டமும் அதே சமயம் நடந்துகொண்டிருந்ததால் மாவட்டமே கொதித்தது.

என்னை ஏற்றிக்கொண்ட டாக்சி ஓட்டுநர் அந்தப் பக்கத்துக்காரர். “பிளைட் வந்ததுல எனக்குச் சவாரி கிடைக்குதுங்க. ஆனா பெரியப்பா தோட்டத்தைக் குடுன்னா எப்படிங்க?” என்றார். அவர் இரண்டு பக்கமும் பேசியது எனக்கு முரணாகப் படவில்லை. இருக்கிற ஓடுபாதையில் வரும் ஏடிஆரை முதலில் பத்து வருடம் விடாமல் ஓட்டிக் காட்டட்டும், அப்புறம் நீட்டுவதைப் பற்றிப் பேசலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

திரும்பும்போது டிக்கெட் விலை ஏறிவிட்டதால் ரயிலில்தான் வந்தேன்.