மறுபடியும் மீன்

பல வருஷம் சுத்த சைவமாக இருந்துவிட்டு இப்போது மீன் சாப்பிடுகிறேன். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 ரொம்பக் குறைவு. காய்கறி, பருப்பில் அது கிடையாது. பாலும் எனக்கு ஒத்துக்கொள்ளாது. மாத்திரையே போதும் என்றுதான் டாக்டர் சொன்னார். மீன் என் சொந்த ஆசை, அவர்மேல் பழி போட முடியாது.

மகாராஷ்டிராவில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. தடை முடிந்ததும் மும்பை செம்பூர் மார்க்கெட்டுக்குப் போனேன். இங்கே பாங்டா என்பார்கள், நம் அயிலைதான். "தாஜா ஆஹே கா, மாவ்ஷி?" (புதுசா, சித்தி?) என்று மீன்காரம்மாவிடம் என் அரைகுறை மராத்தியில் கேட்டேன். அந்தம்மா பேசவே இல்லை. கட்டைவிரலால் செவுளைத் தூக்கிக் காட்டினார். ரத்தச் சிவப்பு.

தூத்துக்குடியிலிருந்து அம்மா போனிலேயே குழம்பை நடத்தி முடித்தாள். "புளியில கஞ்சம் பிடிக்காதடி." எதிர் வீட்டில் ஜைனக் குடும்பம் என்பதால் ஜன்னல், கதவு எல்லாம் சாத்தித்தான் வறுவல். புகையில் கண்ணெல்லாம் எரிந்தது. ஆனால் அந்த மொறுமொறு வால் துண்டு இருக்கிறதே, அடடா!

கறிக்கடைப் பக்கம் இன்னும் போகவில்லை. ஆட்டின் கண்ணைப் பார்த்துத்தான் அன்று அசைவத்தை விட்டேன். "மீனுக்குக் கண் இல்லையாக்கா?" என்கிறான் தம்பி. பதில் இல்லை. வர்ற ஞாயிறு வவ்வால் மீன் வாங்கப் போகிறேன்.