கொதிக்காத குழாய் ஏன் சுட்டது?

“கொதிக்கவே கொதிக்காதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? அப்புறம் குழாய் எப்படி நடுவுல மட்டும் சுடும்?”

சிப்காட்டில் என் ஷிப்டில் இருந்த அண்ணன் கேட்டது இது. அவர் பாய்லரில் பல வருடம் நின்றவர்; ஆவிப்படலம் ஒட்டினால் குழாய் கருகும் என்பது அவருக்கு அனுபவம். எங்கள் ஹீட்டரில் ஓடியதோ 80 பார் அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு. 73.8 பாரைத் தாண்டிவிட்டால் அதில் குமிழியே வராது. நியாயமான கேள்விதான்.

செங்குத்துக் குழாய், கீழிருந்து மேலே ஓட்டம். பாதி உயரத்தில் இருந்த தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் கம்பி) மட்டும் எகிறியது. அதற்கு மேலும் கீழும் எல்லாம் ஒழுங்கு. “கம்பி நகர்ந்து ஹீட்டர் பக்கம் ஒட்டியிருக்கும் சார்” என்றார். நான் சூட்டைக் குறைக்கச் சொன்னேன். பேட்ச் தாமதமானது.

என் கணக்கு இது: 80 பாரில் 35 டிகிரியை ஒட்டி கார்பன் டை ஆக்சைடின் அடர்த்தி சட்டென்று சரிகிறது. கடலூரில் சித்திரை மதியம் தெருவிலேயே இருக்கும் சூடு அது. சுவரோரப் படலம் லேசாகி மேலே விரைய, சுவருக்கும் நடுவுக்கும் இருந்த வேக வித்தியாசம் குறைந்து கொந்தளிப்பு அடங்குகிறது. கலக்கல் இல்லாததால் சூடு சுவரிலேயே தங்குகிறது. இன்னும் மேலே போனால் சுவரோர ஓட்டம் நடுவை முந்தி, கொந்தளிப்பு திரும்பிவிடும். அதனால்தான் பாதி உயரத்தில் மட்டும் சூடு. மேலிருந்து கீழே ஓடவிட்டால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.

எல்லாம் பொருந்துகிறது. ஆனால் சூட்டைக் குறைத்ததும் அளவு இறங்கியதே, அது எதற்குச் சாட்சி? கம்பி ஹீட்டரைத் தொட்டிருந்தாலும் இறங்கத்தானே செய்யும்! சூட்டை அப்படியே வைத்து ஓட்டத்தைக் கூட்டியிருந்தால் தெரிந்திருக்கும்: கொந்தளிப்பு அடங்கியதுதான் காரணம் என்றால் அந்த எகிறல் மறைந்திருக்கும், கம்பிக் கோளாறு என்றால் பெரிதாக அசைந்திருக்காது. பம்போ ஏற்கெனவே முழு அளவில் ஓடிக்கொண்டிருந்தது. 80 பார் தாங்கி நிற்கும் குழாயை வைத்துக்கொண்டு யார் சொல்வது சரி என்று சோதித்துப் பார்க்க முடியாது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனாலும் அவர் கேட்டது குழாய் ஏன் சுடுகிறது என்று. நான் சொன்ன பதில் “பாதுகாப்புக்குத்தான் அண்ணே”. ஷிப்ட் நடுவில் அதற்கு மேல் என்ன விளக்குவது என்றும் தோன்றுகிறது, அவருக்கா விளங்காது என்றும் தோன்றுகிறது.

அடுத்த ஷட்டவுனில் தெர்மோகப்பிளை மாற்றினார்கள். சூட்டையும் குறைத்தபடியே ஓட்டினோம். எகிறல் திரும்ப வரவில்லை. கம்பிதான் என்கிறார் அண்ணன்.