கட்டியக்காரனுக்கு எத்தனை புளியங்கொட்டை

செய்யாற்றுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரின் திரௌபதி அம்மன் கோயில் திடலில், சித்திரை மாதத்து இரவொன்றில், ஒலியளவுமானி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பாரதக் கூத்தில் வேடங்களை அறிமுகப்படுத்தி வம்பளக்கும் கோமாளியான கட்டியக்காரன் செய்யும் நகைச்சுவைக்குப் பார்வையாளர்கள் எந்த இடத்தில், எவ்வளவு சிரிக்கிறார்கள், அந்தச் சிரிப்புக்கு முன்னும் பின்னும் அவர்கள் மனம் எப்படி இருக்கிறது என்பதை அளந்து எழுதுவது என் முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் இயல். மானியின் திரையில் எண் ஏறும்போதெல்லாம் நேரத்தைக் குறித்துக்கொண்டால் வேலை முடிந்தது என்று நம்பியிருந்தேன். விடிந்ததும் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தபோது, அன்றிரவின் உச்சக்கட்டச் சிரிப்பு என்று நான் எழுதி வைத்திருந்தது மத்தளக்காரர் துரியோதனனின் வருகைக்கு வாசித்த அடி என்பது தெரிந்தது.

அந்த இரவுக்கு வந்து சேர்வதற்கே ஏறத்தாழ ஓராண்டு ஆகியிருந்தது. என் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக்குழு, பார்வையாளர் ஒவ்வொருவரிடமும் எழுத்துமூலம் ஒப்புதல் பெற வேண்டும் என்றது. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் கூத்துக்கு மக்கள் வருவார்கள், போவார்கள், பாயில் படுத்துத் தூங்குவார்கள், பாதியில் எழுந்து வேறு இடத்தில் உட்காருவார்கள். அவர்களிடம் படிவமும் பேனாவும் நீட்டினால் சிரிப்பே வராது என்று விளக்கி எழுதிய கடிதத்துக்கு நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. கடைசியில், முகம் தெரியும் படப்பதிவு கூடாது, ஒலிப்பதிவு நடப்பதைக் கூத்து தொடங்கும் முன் ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும், திடலின் நுழைவில் பலகை வைக்க வேண்டும், தனியாகப் பேட்டி காண்பவர்களிடம் மட்டும் வாய்மொழி ஒப்புதல் பெறலாம் என்ற அளவில் இணங்கினார்கள். ஊர்ப் பெரியவர்களின் அனுமதிக்கு ஒரு மாலைப் பொழுதும் இரண்டு டீயும் போதுமானதாக இருந்தது.

முகம் கூடாது என்ற நிபந்தனையால் எனக்கு இழப்பு இருக்கவே செய்தது. பார்சலோனாவில் ஒரு நகைச்சுவை அரங்கம் 2014இல், இருக்கைகளின் பின்புறம் கருவிகளைப் பொருத்தி, முகத்தைப் பார்த்தே சிரிப்பை எண்ணி, ஒரு சிரிப்புக்கு 30 சென்ட் வீதம், அதிகபட்சம் 24 யூரோ என்று கட்டணம் வாங்கியது. அங்கே ஆளுக்கு ஓர் இருக்கை, முகத்துக்கு நேரே கருவி. இங்கே விளக்கெல்லாம் கூத்தாடிகள்மேல் விழும். பார்ப்பவர்கள் இருட்டில், ஒருவர் மடியில் ஒருவராகக் கிடப்பார்கள். மேலும், உண்மையான புன்னகையில் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சேர்ந்து சுருங்கும் என்று பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862இலேயே எழுதியிருக்கிறார். அந்தச் சுருக்கத்தை இருட்டில் எந்தக் கருவியால் பார்ப்பது? எனவே புன்னகையைக் கைவிட்டு, காதில் விழும் சிரிப்பை மட்டும் அளப்பது என்று முடிவு செய்தேன். நாட்டிய சாஸ்திரம் சொல்லும் ஆறு வகைச் சிரிப்பில் முதலாவது ஓசையே இல்லாதது. அதனால் அந்த ஆறையும் அளவுகோலாக வைத்துக்கொள்ளும் என் ஆசையும் அன்றே போயிற்று.

இரண்டாம் இரவுக்கு மானியைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்று ஒலிப்பதிவுக் கருவிகளைக் கொண்டு போனேன். ஒன்று பெண்கள் வரிசைக்கு நடுவே ஒரு மூங்கில் கம்பில், ஒன்று சிறுவர்கள் உட்காரும் முன்வரிசை ஓரத்தில், ஒன்று ஆண்கள் நின்றுகொண்டே பார்க்கும் பின்பக்கத்தில். மூன்றும் கூத்துக்களத்துக்கு முதுகு காட்டி, பார்வையாளரை நோக்கி இருந்தன. தொடங்கும் முன் களத்தின் நடுவே நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டினேன். பின்னர் மூன்று பதிவுகளையும் ஒரே நேரக்கோட்டில் பொருத்த அந்தத் தட்டுத்தான் அடையாளம். முன்வரிசைச் சிறுவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இரவெல்லாம் நேரம் கிடைத்தபோதெல்லாம் கைதட்டி எனக்கு உதவி செய்தார்கள்.

டெசிபல் எண்ணை அப்படியே நம்பக்கூடாது என்பதும் இதற்குள் புரிந்திருந்தது. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். சிரிக்கிற ஆட்கள் இரட்டித்தால் 3 டெசிபல்தான் கூடும். பதினொரு மணிக்கு முந்நூறு பேர் இருந்த திடலில் மூன்று மணிக்கு நூறு பேர் விழித்திருந்தால், அவர்கள் அதே உற்சாகத்தோடு சிரித்தாலும் மானி 5 டெசிபல் அளவுக்குக் குறைத்தே காட்டும். கட்டியக்காரன் களைத்துவிட்டார் என்று நான் எழுதியிருப்பேன். ஆகவே அரைமணிக்கு ஒருமுறை தலைகளை எண்ணுவதற்கென்று என் தம்பியை அழைத்துச் சென்றேன். அவன் இரண்டு மணிக்குப் பிறகு எண்ணிய எண்களை நான் ஆய்வேட்டில் பயன்படுத்தவில்லை. காரணத்தை அவனே அறிவான்.

பதிவுகளைக் கணினியில் ஏற்றிய பிறகுதான் உண்மையான உழைப்பு தொடங்கியது. ஏழு மணி நேரப் பதிவை ஐந்து நொடித் துண்டுகளாக வெட்டினால் 5,040 துண்டுகள் வரும். ஈலான் என்னும் இலவச மென்பொருளில், ஒவ்வொரு துண்டிலும் சிரிப்பு உண்டா இல்லையா என்று நானும் என் தோழி ஒருத்தியும் தனித்தனியே குறித்தோம். நூற்றுக்குத் தொண்ணூறு இடங்களில் இருவரும் ஒத்துப்போயிருந்ததைக் கண்டு மகிழ்ந்து நெறியாளரிடம் ஓடினேன். அவர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். பத்தில் ஒரு துண்டில்தான் சிரிப்பு இருக்கிறது. அந்த அளவுக்கே இருவரும் கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தால்கூட 82 விழுக்காடு தற்செயலாகவே ஒத்துப்போகும். அந்தத் தற்செயலைக் கழித்துப் பார்க்கும் கோஹனின் கப்பா என்ற அளவு எங்களுக்கு 0.44 என்று வந்தது. சிரிப்பு என்பதற்கு எங்களுக்குள் பொது வரையறையே இல்லை என்று அதற்குப் பொருள்.

அதன்பின் வரையறையை எழுத உட்கார்ந்தோம். ஒருவர் மட்டும் சிரித்தால் அது எண்ணிக்கையில் வராது. மூன்று குரலாவது கேட்க வேண்டும். இரண்டு நொடிக்கு மேல் இடைவெளி விழுந்தால் அடுத்தது புதிய சிரிப்பு. ராபர்ட் புரோவைன் என்ற அமெரிக்க ஆய்வாளர், ‘ஹ’ என்ற ஒவ்வொரு சிரிப்பொலியும் ஒரு நொடியில் பதின்மூன்றில் ஒரு பங்கு நீளமே கொண்டது என்றும், அவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு நொடிக்கு ஒன்றாகச் சீராக வரும் என்றும் அளந்து சொல்லியிருக்கிறார். இருமலையும் பிள்ளை அழுகையையும் சிரிப்பிலிருந்து பிரிக்க அந்தச் சீர் மிகவும் உதவியது. சீழ்க்கையும் ‘ஓ’ என்ற கூச்சலும் தனிப் பத்திக்குப் போயின. மூன்று வாரம் கழித்து மறுபடியும் முதலிலிருந்து குறித்தபோதுதான், ஆய்வேட்டில் கூச்சமின்றி எழுதக்கூடிய எண் வந்தது.

சிரிப்புக்குக் காரணம் என்ன என்று பிரிப்பதற்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் கைகொடுத்தது. எள்ளல் (கேலி), இளமை, பேதைமை (அறியாமை), மடன் (சொன்னதையே பிடித்துக்கொள்ளும் வெகுளித்தனம்) என்று நகைக்கு அது சொல்லும் நான்கு காரணங்களும் கட்டியக்காரனுக்கென்றே எழுதியவை போல இருந்தன. திரைக்குப் பின்னால் நிற்கும் மன்னனை யாரென்று அறியாதவன்போல் திரும்பத் திரும்பக் கேட்பது பேதைமை. அதே மன்னன் வெளியே வந்ததும் அவன் கிரீடத்தின் எடையை விசாரிப்பது எள்ளல். பேதைமைக்கும் மடனுக்கும் எங்கே கோடு போடுவது என்பதில் மட்டும் நானும் தோழியும் கடைசிவரை உடன்படவில்லை; இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். இதற்காக வாய்மொழித் தேர்வில் கிடைத்த திட்டு நியாயமானதுதான்.

சிரிப்புக்கு அப்பாலுள்ள மனநிலையை அறிய, முகபாவப் பொம்மைகள் வரைந்த அட்டை ஒன்றைக் கொண்டு போயிருந்தேன். எழுத்தறியாதவர்களும் குறிக்கலாம் என்பதால் உலகெங்கும் ஆய்வாளர்கள் பயன்படுத்துவது அது. மார்பில் வெடிப்பு விழுந்த சதுரப் பொம்மைதான் பரபரப்புக்கு அடையாளம். அட்டையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்த ஒரு மூதாட்டி, “இன்னா கண்ணு, இதுக்கு நெஞ்சு வெடிச்சுப் பூட்சே” என்று பரிதாபப்பட்டார். விரலில் மாட்டும் நாடித்துடிப்புக் கருவியும் இதே கதிதான். ஆறு பேர் மாட்டிக்கொண்டார்கள், முதல் கைதட்டலிலேயே நான்கு கருவிகள் மணலில் விழுந்தன.

அதே மூதாட்டியின் வீட்டிலிருந்துதான் அடுத்த கருவி கிடைத்தது. ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டையும் ஒரு கொட்டாங்குச்சியும் கொடுத்து, இந்தக் காட்சி எவ்வளவு சிரிப்பு மூட்டியதோ அந்த அளவுக்குக் கொட்டையைப் போடுங்கள் என்று கேட்டேன். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. துகிலுரிதல் நடந்த இரவில் மட்டும் அவர் கொட்டைகளைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “சிரிச்சதுக்கு இதுல போட்டுட்டேன், அழுததுக்கு எங்க போடறது?” என்று கேட்டார். அன்றிலிருந்து ஆளுக்கு இரண்டு கொட்டாங்குச்சி.

அந்த இரவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். துச்சாதனன் திரௌபதியின் சேலையைத் தொடுவதற்கு முன் ஆட்டம் நின்றது, கற்பூரம் ஏற்றப்பட்டது, துச்சாதன வேடம் கட்டியவர் வேடத்தோடேயே அம்மனிடம் பிழை பொறுக்கக் கும்பிட்டார். என் குறியீட்டுத் தாளில் ஒன்பது நிமிடம், அதாவது 108 துண்டுகள், வரிசையாக ‘இல்லை’, ‘இல்லை’, ‘இல்லை’. பெண்கள் பக்கத்துக் கருவியில் விம்மல் கேட்கிறது. பிறகு கட்டியக்காரன் மெல்லக் களத்தின் ஓரத்துக்கு வந்து, தோளிலிருந்த துண்டை எடுத்து, தன் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு, துச்சாதனனிடமிருந்து இரண்டடி தள்ளி நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று கருவிகளிலும் அந்த இரவின் மிக நீளமான சிரிப்பு அதுதான். அந்த இரவில் இரண்டு கொட்டாங்குச்சிகளும் நிறைந்தவர்களே அதிகம். சிரிப்பையும் அழுகையையும் ஒரே கோட்டின் இரு முனைகளாக வைத்துக் கேட்கும் அளவுகோல் எதைக் கொண்டும் இதைப் பிடித்திருக்க முடியாது என்று இயலில் எழுதினேன். ஆய்வேட்டில் நான் தயக்கமின்றி எழுதிய வாக்கியங்களில் அது ஒன்று.

ஆனி மாதத்தில் வரைபடங்களை எடுத்துக்கொண்டு கட்டியக்காரரின் வீட்டுக்குப் போனேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதே வேடம் கட்டுபவர். மேடு பள்ளமாக ஓடிய கோட்டை விரலால் தடவிக்கொண்டே வந்தவர் ஓர் உச்சியில் நிறுத்தினார்.

“இது எத்தனை மணி?”

“பன்னிரண்டேகால், வாத்தியாரே.”

“அது நான் இல்லம்மா. களத்துல நாய் பூந்துச்சே, அது.”

ஒலிப்பதிவை மறுபடி கேட்டேன். நாய்தான். அந்தச் சிரிப்பை அவருடைய கணக்கில் எள்ளல் என்று எழுதி வைத்திருந்தேன்.

நீங்கள் எதை வைத்து அளக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, சிரிப்பைத் தாம் கவனிப்பதே இல்லை என்றார். சிரிக்கிறவன் எப்படியும் சிரிப்பான். டீக்கடைப் பக்கம் தலை திரும்புகிறதா என்றுதான் பார்ப்பாராம். நாலு தலை திரும்பினால் பேச்சைச் சுருக்கி ஆர்மோனியக்காரருக்குக் கண்காட்டுவார். பத்துத் தலை திரும்பினால் டீக்கடைக்காரரையே பெயர் சொல்லி வம்புக்கு இழுப்பார், போனவர்கள் கிளாசோடு திரும்பி வந்து நிற்பார்கள். நான் சிரிப்பே இல்லை என்று விட்டுவைத்த இரண்டு இடங்களைக் காட்டி, அங்கேதான் தாம் அதிகம் உழைத்ததாகவும் சொன்னார்.

அந்த இரு இடங்களையும் திருத்தப்பட்ட இயலில் தனிப்பகுதியாகச் சேர்த்திருக்கிறேன். வரும் சித்திரையில் மறுபடியும் அதே திடலுக்குப் போகிறேன். இந்த முறை நான்கு கருவிகள். நான்காவதை டீக்கடைக் கூரையின் விட்டத்தில் கட்டிக்கொள்ளக் கடைக்காரர் சம்மதித்துவிட்டார், பாய்லர் பக்கம் மட்டும் வேண்டாம் என்கிறார்.