வாங்கின் மேல் ஏற்றிய வினைச்சொல்

எங்கள் ஆங்கில ஆசிரியர் காலமானார் என்ற செய்தி பழைய மாணவர் சங்கத்தின் வழியாக வந்தபோது, பலரும் அவருடைய வெள்ளை வேட்டியையும் பிரம்பையும் நினைவுகூர்ந்தார்கள். எனக்கு ‘லெட்’ (let) என்ற ஆங்கில வினைச்சொல்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

பாடத்திட்டத்தில் இல்லாத ‘ஹம்லெற்’ நாடகத்தை வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடத்தில் அவர் வாசித்துக் காட்டுவார். தந்தையின் ஆவி அழைக்க, போகவிடாமல் நண்பர்கள் பிடித்துக்கொள்ள, தன்னை ‘லெட்’ செய்பவனை ஆவியாக்கிவிடுவேன் என்று இளவரசன் சீறும் கட்டம் வந்தது. போக விடுகிறவனை எதற்குக் கொல்ல வேண்டும் என்று எழுந்து கேட்டேன். வகுப்பே சிரித்தது. குறும்பென்று எடுத்துக்கொண்ட சேர் என்னை வாங்கின் மேல் ஏற்றினார். பக்கத்து வகுப்பார் யன்னலால் எட்டிப் பார்க்க, மணி அடிக்கும்வரை நின்றேன்.

திங்கட்கிழமை வந்ததும் வராததுமாகக் கரும்பலகையின் நடுவே கோடு கிழித்தார். பழைய ஆங்கிலத்தில் ‘லேத்தன்’ என்றால் விடுதல். ‘லெத்தன்’ என்றால் தடுத்தல், பிந்தச் செய்தல், பிந்தியதைக் குறிக்கும் ‘லேற்’ (late) என்ற சொல்லுக்கு உறவு. ஒலி தேய்ந்து இரண்டும் ஓருருவாகிவிட, பல நூற்றாண்டுகள் ஒரே சொல் எதிரெதிர்ப் பொருளில் வழங்கியது. 1611 ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தில், உரோமரிடம் வர எண்ணியும் ‘லெட்’ செய்யப்பட்டேன் என்று பவுல் எழுதுவது தடைப்பட்டதைத்தான். பிறகு தடுக்கும் வினை வழக்கொழிந்தது. மேசைப்பந்தில் பரிமாறிய பந்து வலையில் பட்டதும் நாம் நாள்தோறும் கத்திய ‘லெட்’ அதன் மிச்சம் என்று அன்றுதான் அறிந்தோம். என்னிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. அந்தக் காலத்தில் எந்த ஆசிரியர்தான் தெரிவித்தார்?

லண்டனில் அறை தேடி அலைந்தபோது வாசல்தோறும் ‘டு லெட்’ பலகைகளைக் கண்டேன். வீட்டை நாமும் வாடகைக்கு ‘விடு’கிறோம் என்பதால் அதில் வியப்பில்லை. தடுக்கும் ‘லெட்’டைப் பல ஆண்டுகளின் பின் என் பிரித்தானியக் கடவுச்சீட்டில் சந்தித்தேன்: இதை உடையவரை ‘லெட்’டோ இடையூறோ இன்றிச் செல்லவிடுமாறு மகாராணியின் பெயரால் கேட்டிருந்தார்கள். பேச்சில் இறந்த பொருள் அரச ஆவணத்தில் உயிரோடிருந்தது.

ஊரைவிட்டு அசையாத, சோதனைச்சாவடிதோறும் அடையாள அட்டையோடு வரிசையில் நின்ற அந்த மனிதருக்கு இதை எழுத வேண்டுமென்று நினைத்தேன். போரால் பாதை பூட்டிக் கிடக்கிறது, கடிதம் போய்ச் சேருமோ என்று தள்ளிப்போட்டேன். 2002 இல் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்ததும் அந்தச் சாட்டும் போயிற்று. அப்போதும் எழுதவில்லை. எழுதியிருந்தால், என் ஆங்கிலத்தைச் சிவப்பு மையால் திருத்தித்தான் பதில் போட்டிருப்பார்.