ஒரு கிராமுக்கு ஒரு கட்டம்

எங்கள் சின்னவன் குறைமாதத்தில் பிறந்து என்.ஐ.சி.யு.வில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருந்த காலத்தில், எங்களுக்குத் தங்க இடம் பார்த்துக் கொடுத்ததும், பால் எடுக்கும் பம்பை இரவலாகத் தந்ததும் ஒரு தொண்டு அமைப்பு. குறைமாதக் குழந்தைகளின் குடும்பங்களுக்காகவே நடத்துகிறார்கள். அவன் ஓடியாட ஆரம்பித்த பிறகு, அவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்தது. கையில் இருப்பதைக் கொடுப்பதோடு நாலு பேரிடம் கேட்டும் திரட்டலாமே என்றான் என் தம்பி. நல்ல யோசனைதான். ஆனால் யார் போய்க் கேட்பது? கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கவே கூச்சப்படுகிற குடும்பம் எங்களுடையது.

முதலில் அமைப்புக்கே போன் செய்தேன். திரட்டும் பணம் எங்கள் கணக்குக்கு வரவே கூடாது, கொடுப்பவர்கள் நேராக அமைப்பின் கணக்கில் போட்டு ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள். இது எனக்குப் பெரிய நிம்மதி. சொந்தக்காரர்களுக்குள் பணக் கணக்கு வந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அமைப்பின் பெயரையும் சின்னத்தையும் போடுவதற்கு முன் வாசகத்தைக் காட்டிவிடச் சொன்னார்கள். இன்னொன்றும் சொன்னார்கள்: மருத்துவமனை வாசலில் நின்று கேட்காதீர்கள், குழந்தையை உள்ளே விட்டுவிட்டு வெளியே வரும் பெற்றோர் கண்ணில் அது படும்.

கட்டம் போடும் யோசனை மூத்தவளுடையது. சின்னவன் 28 வாரத்தில் பிறந்தான், எடை 980 கிராம் என்று அவளுக்குத் தெரியும். 28-ஐ 35-ஆல் பெருக்கினால் சரியாக 980 வருகிறது என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். சரி, வாரத்துக்கு ஒரு பத்தி, 35 வரிசை, கிராமுக்கு ஒரு கட்டம். ஒரு கட்டத்துக்கு யாரும் யோசிக்காமல் கொடுக்கக்கூடிய சின்னத் தொகை ஒன்றை வைத்தோம். பணம் வர வர அவள் கட்டங்களுக்கு ஊதா நிறம் அடிப்பாள். நவம்பர் 17 உலகக் குறைப்பிரசவ தினம், அதற்கான நிறம் ஊதா. அந்தத் தேதிக்குள் முடிப்பது என்று வைத்துக்கொண்டோம்.

கிராம் கணக்கு எடுபட்டதற்குக் காரணம் உண்டு. அந்த அறைக்குள் இருக்கும் பெற்றோருக்கு உலகமே கிராமில்தான் ஓடும். பிறந்த முதல் சில நாட்களில் எந்தக் குழந்தைக்கும் எடை கொஞ்சம் இறங்கும், அது இயல்புதான். ஆனாலும் 980 என்பது 900-ஐ நோக்கி இறங்கும்போது பெற்றவளுக்கு அது இயல்பாகத் தெரியுமா? அப்புறம் ஒரு நாள் 15 ஏறும், மறுநாள் 5 இறங்கும். செவிலியர் எண்ணைச் சொல்லும்வரை மூச்சு விடமாட்டோம். இதையெல்லாம் விளக்கிச் சொன்னபோது தலையாட்டியவர்களைவிட, கட்டத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டவர்கள் அதிகம்.

என் கணவர் இன்னொன்று செய்தார். சின்னவனின் பழைய துணியில் ஒரு பை தைத்து, மணலை நிரப்பி, தராசில் வைத்துச் சரியாக 980 கிராமுக்குக் கொண்டுவந்தார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் பேச்சோடு பேச்சாக அதைக் கையில் கொடுத்துவிடுவார். “ஒரு லிட்டர் தண்ணீர்கூட இதைவிடக் கனமாச்சே!” என்றார் ஒரு நண்பர். அவர் அன்று ஒரு வரிசை முழுக்க வாங்கிக்கொண்டார். சிலர் பையைத் தாங்களாகவே நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பார்கள். அப்போது கங்காரு பராமரிப்பு பற்றிச் சொல்ல வசதியாக இருக்கும். இன்குபேட்டர் போதாமல் தவித்த கொலம்பியாவின் பொகோட்டா நகர மருத்துவமனை ஒன்றில் 1970-களின் இறுதியில் தொடங்கியது அது. குழந்தையைத் தோலோடு தோலாக மார்பில் வைத்துக்கொள்வதுதான் முறை. அப்பாவும் செய்யலாம். இவர் செய்தார்.

படம் போடுவதில்தான் வீட்டில் சண்டை. சின்னவன் குழாய்களோடு இருக்கும் படத்தைப் போட்டால் பணம் கொட்டும் என்றான் என் தம்பி. கொட்டும்தான். ஆனால் சின்னவன் நாளைக்கு வளர்ந்து பள்ளிக்குப் போகிற பிள்ளை, அந்தப் படத்தை ஊர் முழுக்க அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கட்டம் போட்ட தாளின் படம் மட்டும் போதும் என்று நின்றேன். இன்றும் அதே கருத்துதான்.

அத்தைக்குக் கை சும்மா இருக்காது. 2013-இல் டென்மார்க்கில் தொடங்கிய குரோஷே (கொக்கி ஊசியால் நூலில் பின்னுவது) ஆக்டோபஸ் பொம்மையைப் பற்றி எங்கோ பார்த்துவிட்டு, அதையே பின்னித் தருகிறேன் என்றார். பொம்மையின் கைகள் தொப்புள்கொடியை நினைவூட்டி, குழந்தை குழாய்களைப் பிடித்து இழுக்காமல் பார்த்துக்கொள்ளும் என்பது அதன் பின்னால் உள்ள எண்ணம். அமைப்பில் கேட்டோம். நோய்த்தொற்று விதிகள் ஒவ்வொரு பிரிவிலும் வேறுபடும், எங்கள் பக்கத்துப் பிரிவில் வெளிப் பொம்மைகளை ஏற்பதில்லை என்றார்கள். அத்தை அசரவில்லை. விரல் அளவில் பின்னி, 28 கட்டம் வாங்குகிறவர்களுக்கு ஒன்று என்று கொடுக்க ஆரம்பித்தார். ‘அலங்காரத்துக்கு மட்டும், குழந்தை கையில் தர வேண்டாம்’ என்று ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டினோம். பொம்மைக்காகவே கட்டம் வாங்கியவர்களும் உண்டு, அதில் என்ன குறை.

பாதித் தாள் நிறைந்ததும் வேகம் குறைந்தது. தெரிந்தவர்கள் எல்லாரும் கொடுத்து முடித்திருந்தார்கள். அந்த நேரத்தில், யார் மூலமாகவோ கேள்விப்பட்டு ஒரு அம்மா போன் செய்தார். தன் மகள் 640 கிராம், பிழைக்கவில்லை என்றார். ஓரமாக எனக்குச் சில கட்டங்கள் கொடுங்கள், பெயர் எழுத வேண்டாம் என்றார். வேறு நிறம் அடிக்கட்டுமா என்று கேட்டேன். “வேண்டாங்க, மத்தப் பிள்ளைங்களோட சேர்த்து ஊதாவே அடிங்க.” மூத்தவளிடம் அதை மட்டும் சொன்னேன். அடித்தாள்.

அதன் பிறகு தம்பி தன் அலுவலகத்தில் தாளைக் கொண்டுபோய் ஒட்டினான். தேதிக்கு முன்பே கட்டங்கள் நிறைந்துவிட்டன. அமைப்பிலிருந்து மொத்தக் கணக்கு எழுத்தில் வந்தது, அதைக் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் அனுப்பினேன். கேட்டவர்களுக்கு மட்டும் என்று விட்டுவிடாமல் இதைச் செய்துவிட வேண்டும். பணம் பெரும்பாலும் பெற்றோர் தங்குமிடத்துக்கும் இன்னும் சில பம்புகளுக்கும் போகிறது.

வெற்றுத் தாளின் மாதிரியை அமைப்பினர் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இப்போது இன்னொரு குடும்பம் 1,240 கிராமுக்கு வரைந்திருக்கிறது: 31 வாரம், 40 வரிசை. எல்லா எடையும் இப்படிச் சரியாக வகுபடாது. அப்படிப்பட்டவர்கள் கடைசி வரிசையைப் பாதியில் நிறுத்திக்கொள்ளலாம் என்று மூத்தவள் அதற்கும் ஒரு மாதிரி வரைந்து அனுப்பியிருக்கிறாள்.