பஃபலோவின் நாற்று, பிறர் வயலின் கதிர்

சென்ற சனிக்கிழமை அலமாரியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது, அடித்தட்டிலிருந்து ஒரு கருநீல ஐஸ் ஹாக்கிச் சட்டை வெளியே வந்தது. முதுகில் 23 என்ற எண்ணும், அதற்கு மேலே ரைன்ஹார்ட் என்ற பெயரும் தைக்கப்பட்ட அந்தச் சட்டையை நான் 2018-இல் வாங்கினேன். உதவிக்கு வந்திருந்த என் அக்கா மகன் அதை விரித்துப் பார்த்துவிட்டு, "மாமா, போன மாதம் இறுதியாட்டத்தில் நான்கு கோல் போட்டாரே, அவர்தானே இவர்? நம் அணியிலா இருந்தார்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "பிறகு ஏன் விட்டார்கள்?" என்றான். ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இந்த 2025 ஜூலை மாதத்தில் இங்கே எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த ஒருவனுக்கு, அமெரிக்காவின் பஃபலோ நகரத்துச் சேபர்ஸ் என்னும் ஐஸ் ஹாக்கி அணி எப்படிச் சொந்தமாயிற்று என்று கேட்பவர்கள் உண்டு. கிளமெண்டி சாலையில் உள்ள சிம் எனப்படும் சிங்கப்பூர் மேலாண்மைக் கழக வளாகத்தில் பஃபலோ பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்பைப் படித்தவர்களில் நானும் ஒருவன். தேசியச் சேவையை முடித்துவிட்டுச் சேர்ந்தேன். 2011-ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஒரு பருவத்தை அந்த ஊரிலேயே படித்துக் கழித்தேன். நான் போய்ச் சேர்ந்த சில வாரங்களில், பிப்ரவரி மாதம், டெரி பெகுலா அணியை வாங்கினார். லீக்கின் உச்சக் கோப்பையான ஸ்டான்லி கிண்ணத்தை வெல்வதே இனி இந்த அணி இருப்பதற்கான காரணம் என்று அறிவித்தார். அந்த ஏப்ரலில் அணி, கிண்ணத்துக்கான இறுதிக் கட்டப் போட்டியான பிளேஆஃப் சுற்றுக்குத் தகுதி பெற்று, பிலடெல்பியாவுடன் ஏழு ஆட்டங்கள் வரை போராடித் தோற்றது. ஆறாவது ஆட்டத்தை விடுதியின் பொது அறையில், நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நின்றபடி, ஊர்க்காரப் பிள்ளைகளோடு பார்த்தேன். கூடுதல் நேரத்தில் பிலடெல்பியாவின் வில்லே லேனோ கோல் அடித்தபோது, அதுவரை இரைச்சலாக இருந்த அறையில் வெப்பமூட்டியின் உறுமல் மட்டும் கேட்டது. பக்கத்தில் நின்ற, பெயர்கூடத் தெரியாத ஒரு மாணவன் என் தோளைத் தட்டி, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றான். அதற்குப் பிறகு பதினான்கு பருவங்கள் கடந்துவிட்டன. சேபர்ஸ் ஒருமுறைகூடப் பிளேஆஃப் சுற்றை எட்டவில்லை. வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல் வரலாற்றில் இவ்வளவு நீண்ட வறட்சியை வேறு எந்த அணியும் கண்டதில்லை.

நம் நெஞ்சை உடைத்த அதே லேனோவை அந்தக் கோடையிலேயே ஆறு ஆண்டுகளுக்கு 27 மில்லியன் டாலர் கொடுத்து அணி ஒப்பந்தம் செய்தது. அவர் 137 ஆட்டங்களில் 10 கோல் அடித்தார். கடைசிப் பருவத்தில் ஒன்றுகூட இல்லை. 2014-இல் மீதிப் பணத்துக்கு ஈடு கொடுத்து அனுப்பினார்கள். பணம் இல்லாததால் இந்த அணி நலிந்தது என்று சொல்ல முடியாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

திறமையைக் கண்டெடுக்கத் தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது. டிராஃப்ட் என்பது பின்தங்கிய அணிகளுக்கு இளம் ஆட்டக்காரர்களை முதலில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைத் தரும் ஏற்பாடு. அதில் 2014-இல் இரண்டாவதாகச் சாம் ரைன்ஹார்ட், 2015-இல் இரண்டாவதாக ஜாக் ஐக்கல், 2018-இல் முதலாவதாக ராஸ்மஸ் டாலீன், 2021-இல் முதலாவதாக ஓவன் பவர் என்று வரிசையாக நல்ல பிள்ளைகள் இந்த அணிக்குக் கிடைத்தார்கள். கிடைத்த பிள்ளைகள் தேறவும் செய்தார்கள். அவர்களில் பலர் வேறு ஊரில் போய்த் தேறியதுதான் என் ஆற்றாமை.

பட்டியலை ஒருமுறை எழுதிப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. 2018 ஜூலையில் செயின்ட் லூயிக்கு அனுப்பப்பட்ட ரயன் ஓரைலி, அடுத்த ஆண்டே ஸ்டான்லி கிண்ணத்தை வென்று, பிளேஆஃப் தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் பெற்றார். கழுத்துக் காயத்துக்கு எந்த அறுவை சிகிச்சை செய்வது என்பதில் அணியோடு மாதக்கணக்கில் முரண்பட்டு நின்ற ஐக்கல், 2021 நவம்பரில் வேகஸுக்குப் போய், 2023-இல் கிண்ணத்தைத் தூக்கினார். கோல்காப்பாளர் லீனஸ் உல்மார்க் ஒப்பந்தம் முடிந்து 2021-இல் பாஸ்டனுக்குச் சென்று, 2023-இல் லீக்கின் சிறந்த கோல்காப்பாளர் விருதைப் பெற்றார். ரைன்ஹார்ட் 2021 ஜூலையில் ஃபுளோரிடாவுக்கு மாற்றப்பட்டார்; 2023-24 பருவத்தில் 57 கோல் அடித்ததோடு, 2024 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் வெற்றிக் கோலையும் அவரே போட்டார். இந்த ஆண்டும் கிண்ணம் ஃபுளோரிடாவுக்கே. இவர்கள் நால்வரும் பஃபலோவில் இருந்த காலத்தில் அணி ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஆடியதில்லை.

இதற்கான காரணம் என்று நான் நினைப்பது இதுதான்: இந்த அணி இளையவர்களை மூத்தவர்களின் அருகில் வைத்து வளர்ப்பதில்லை, மூத்தவர்களை அனுப்பிவிட்டு அவர்களுடைய இடத்திலேயே இளையவர்களை நிறுத்துகிறது. கேசி மிட்டல்ஸ்டாட்டின் கதையை எடுத்துக்கொள்ளலாம். 2017-இல் எட்டாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரே ஓர் ஆண்டு ஆடிவிட்டு நேராக என்எச்எல்லுக்கு வந்தார். அவர் வந்த கோடையில்தான் ஓரைலி அனுப்பப்பட்டார். எதிரணியின் தலைசிறந்த வரிசையை மறிப்பது, தன் எல்லையில் பக் என்னும் ஆட்ட வட்டு விழும்போது அதைக் கைப்பற்றுவது போன்ற கடினமான வேலைகளை எல்லாம் சுமந்துகொண்டிருந்த மைய ஆட்டக்காரர் ஓரைலி. அவர் போனதும், இரண்டாம் வரிசையின் மையப் பொறுப்பு இருபது வயது நிரம்பாத அந்தப் பையன் தலையில் விழுந்தது. ஒவ்வோர் இரவும் தன்னைவிடப் பலசாலிகளான முப்பது வயதுக்காரர்களிடம் அவர் தோற்றுக்கொண்டிருந்தார். அடுத்த பருவத்தின் நடுவில், தாய் அணிக்கு ஆட்டக்காரர்களை உருவாக்கித் தரும் ராச்செஸ்டர் அணிக்கு அவரை அனுப்பினார்கள். முதலில் அங்கே ஆடவிட்டு, ஓரைலிக்குப் பின்னால் மூன்றாம் வரிசையில் தொடங்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று பலமுறை எண்ணியிருக்கிறேன். நெடுநாள் தட்டுத் தடுமாறி, ஒருவழியாகத் தேறி, அணியின் முன்னணி ஆட்டக்காரராக அவர் நிமிர்ந்தபோது, 2024 மார்ச்சில் அவரையும் கொலராடோவுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

என் அக்கா மகன் சிறுவனாக இருந்தபோது, ஜூரோங் ஈஸ்டில் இருந்த ஜேகியூப் கடைத்தொகுதியின் பனிச்சறுக்குத் திடலில் ஐஸ் ஹாக்கி பழகினான். அந்தக் கட்டடம் 2023-இல் மூடப்பட்டுவிட்டது. சனிக்கிழமைகளில் அவனைக் கூட்டிப் போய், கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் குளிரில் அமர்ந்திருப்பது என் வேலை. அங்கிருந்த பயிற்றுவிப்பாளர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஐந்து பேர் கொண்ட ஒவ்வொரு குழுவிலும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் இருவரைக் கட்டாயம் சேர்ப்பார். சின்னவன் தவறான இடத்தில் நின்றால், அந்தப் பெரியவர்களில் ஒருவன் வந்து தன் மட்டையின் நுனியால் பனியில் ஒரு கோடு கிழித்து, 'இங்கே நில்' என்று காட்டுவான். அடுத்த முறை பக் அந்தக் கோட்டுக்கே வந்து சேரும். சின்னவன் முகம் மலர்ந்துவிடும். தடுப்புக்கு வெளியே இருந்து பயிற்றுவிப்பாளர் பத்து முறை கத்தினாலும் நடக்காத ஒன்று, உடன் ஆடுபவன் ஒருமுறை காட்டியதும் நடந்துவிடுகிறது. எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பொருந்துவது இருபது வயதினருக்கும் பொருந்தும் என்றே நான் நம்புகிறேன்.

தாம்பா பே அணி இதைச் செய்து காட்டியது. ஆண்ட்ரே பலாட், டைலர் ஜான்சன், அலெக்ஸ் கில்லோர்ன் ஆகியோரை அவசரப்பட்டு மேலே இழுக்காமல், அன்றைக்குத் தன் துணை அணியாக இருந்த நார்ஃபக்கில் ஜான் கூப்பர் என்ற பயிற்றுவிப்பாளரிடம் ஒப்படைத்தது. 2012-இல் அவர்கள் அங்கே தொடர்ந்து 28 ஆட்டங்களை வென்று, துணை அணிகளின் லீக்குக்குரிய கால்டர் கிண்ணத்தையும் கைப்பற்றினார்கள். அடுத்த ஆண்டு கூப்பரும் மேலே வந்தார். அந்த மூவரும் 2020, 2021 ஆகிய இரண்டு ஸ்டான்லி கிண்ண வெற்றிகளிலும் இருந்தார்கள். வெல்வது எப்படி இருக்கும் என்பதை அவர்கள் கீழேயே பழகிக்கொண்டு வந்தார்கள். நம் டாலீனோ பதினெட்டு வயதில் வந்தார். ஏழு பருவங்களில் நான்கு தலைமைப் பயிற்றுவிப்பாளர்களைப் பார்த்துவிட்டார். இப்போது அணித்தலைவராகவும் இருக்கிறார். இன்னும் ஒரு பிளேஆஃப் ஆட்டம் ஆடவில்லை. அவர் முகத்தில் சோர்வு தெரியும் காலைகளில் எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

பொறுமை காட்டிய இடத்தில் பலன் கிடைத்ததையும் சொல்லியாக வேண்டும். ஓரைலிக்கு ஈடாக வந்த டேஜ் தாம்ப்சனை ராச்செஸ்டருக்கு அனுப்பினார்கள். தோள்பட்டைக் காயத்தால் ஏறக்குறைய ஒரு பருவத்தையே அவர் இழந்தார். பலர் கைகழுவிய நிலையில், தலைமைப் பயிற்றுவிப்பாளர் டான் கிரனாட்டோ அவரை மைய ஆட்டக்காரராக மாற்றினார். 2022-23 பருவத்தில் அவர் 47 கோல் அடித்தார்.

அந்தப் பருவத்தை என்னால் மறக்க முடியாது. பஃபலோவில் இரவு ஏழு மணி என்றால், ஏப்ரல் மாதத்தில் நமக்குக் காலை ஏழு மணி. பெருவிரைவு ரயிலில் ராஃபிள்ஸ் பிளேஸ் போகும் வழியில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் தொலைபேசியை ஏந்தி ஆட்டம் பார்ப்பேன். பருவ முடிவில் நமக்கு 91 புள்ளிகள். பிளேஆஃப் சுற்றின் கடைசி இடத்தைப் பிடித்த ஃபுளோரிடாவுக்கு 92. வாய்ப்பு முடிந்துபோன காலையில் இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன். ஆனாலும் அன்று எனக்கு நம்பிக்கை இருந்தது. லீக்கிலேயே இளமையான அணி ஒன்று ஒரே ஒரு புள்ளியில் தவறவிட்டிருக்கிறது; கோல்கள் குவிகின்றன; அனுபவமுள்ள ஒரு கோல்காப்பாளரையும், கடினமான நிமிடங்களைத் தாங்கும் இரண்டு மூத்தவர்களையும் சேர்த்தால் போதும் என்று எண்ணினேன்.

அதைத்தான் செய்யவில்லை. ரைன்ஹார்டுக்கு ஈடாகக் கிடைத்த டெவன் லீவை, கல்லூரி அணியிலிருந்து வந்து சில வாரங்களே ஆடிய இருபத்தொரு வயதுக்காரர். அடுத்த பருவத்தை அவரையே முதன்மைக் கோல்காப்பாளராக வைத்துத் தொடங்கினார்கள். எண்ணி சில வாரங்களில் அவர் ராச்செஸ்டருக்குப் போக நேர்ந்தது. அவர் மீது எனக்குக் குறையே இல்லை. அவ்வளவு பாரத்தை அவர்மேல் ஏற்றியவர்கள் மீதுதான் குறை. 91 புள்ளி 84 ஆயிற்று, கிரனாட்டோ நீக்கப்பட்டார், பழைய பயிற்றுவிப்பாளர் லிண்டி ரஃப் திரும்பி வந்தார், 84 புள்ளி 79 ஆயிற்று. நடுவில், 2024-இன் இறுதியில், தொடர்ச்சியாக 13 ஆட்டங்களில் வெற்றியே இல்லை. அந்த நாள்களில்தான் பொது மேலாளர் கெவின் ஆடம்ஸ், ஆட்டக்காரர்கள் இங்கே வரத் தயங்குவதற்குக் காரணம் சொல்லும்போது, பஃபலோவில் பனைமரங்கள் இல்லை, நியூயார்க் மாநிலத்தில் வரி இருக்கிறது என்ற பொருளில் பேசினார். கனடாவின் குளிர் நகரமான வின்னிபெக்கிலும் பனைமரம் இல்லை. அந்த அணி அதே பருவத்தில் லீக் பட்டியலில் முதலிடத்தில் முடித்தது. ஊரின் குளிரைக் குற்றம் சொன்னது அந்த ஊர் மக்களை எவ்வளவு காயப்படுத்தியிருக்கும் என்பதை, ஒரு குளிர்காலத்தை மட்டுமே அங்கே கழித்த எனக்கே உணர முடிகிறது. ஊதிய உச்சவரம்புக்குக் கீழே பல மில்லியன் டாலர் செலவழிக்கப்படாமல் கிடந்த பருவமும் அதுதான்.

இப்போதும் அதே வழியில்தான் போகிறார்கள். 31 கோல் அடித்த பருவத்தின் நடுவில் ஏழு ஆண்டு ஒப்பந்தம் பெற்ற டிலன் கஸன்ஸ், அடுத்த இரண்டு ஆண்டுகள் தடுமாறினார் என்பதற்காக 2025 மார்ச்சில் ஆட்டவாவுக்கு மாற்றப்பட்டார். ஏப்ரலில் அவர் பிளேஆஃப் சுற்றில் ஆடிக்கொண்டிருந்தார். அவருக்கு ஈடாக வந்த ஜாஷ் நாரிஸ் நமக்கு மூன்று ஆட்டங்கள் ஆடிவிட்டுக் காயம்பட்டு உட்கார்ந்தார். சென்ற பருவத்தில் கோலும் கோலுக்கான உதவியுமாக 68 புள்ளி எடுத்த ஜேஜே பெட்டர்கா, சென்ற மாதம் யூட்டாவுக்குப் போய்விட்டார். அவருக்கு ஈடாக வந்த இருவரும் உழைப்பாளிகள், தற்காப்புக்கு உதவுவார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் இருபத்து மூன்று வயதில், இனிதான் உச்சத்துக்கு ஏறப்போகும் ஒருவரைக் கொடுத்துவிட்டுத்தான் ஓட்டையை அடைக்க வேண்டுமா?

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது, அக்கா மகன் சட்டையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "சரி மாமா, இப்போது யார் சட்டை வாங்கலாம்?" என்றான். அலெக்ஸ் டக் என்றேன். ஐக்கலுக்கு ஈடாக வந்தவர். பஃபலோவிலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள சிரக்யூஸ் பக்கத்துக்காரர். சிறு வயதில் சேபர்ஸுக்காகக் கைதட்டியவர். இளையவர்களுக்கு மட்டை நுனியால் கோடு கிழித்துக் காட்டக்கூடிய வயதும் ஆட்டமும் உள்ளவர். அவருடைய ஒப்பந்தம் 2026 கோடையில் முடிகிறது. "அவர் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு 89-ஆம் எண் சட்டையை உனக்கும் எனக்கும் சேர்த்து இரண்டாக வாங்குகிறேன்" என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை அலமாரியின் மேல்தட்டைக் காலியாக வைத்திருக்கிறோம்.