ஆறாம் வகுப்பைத் தமிழோடு கடந்தோம்

மொரிசியஸில் பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டால் வீடே தேர்வெழுதும். தொடக்கப் பள்ளி முடிவில் நான் எழுதிய சி.பி.இ. தேர்வு போய், 2017 முதல் அதன் இடத்தில் பி.எஸ்.ஏ.சி. என்னும் தேர்வு வந்திருக்கிறது. பெயர் மாறினாலும் பெற்றோரின் பதற்றம் அப்படியேதான் இருக்கிறது.

ஆங்கிலம், பிரெஞ்சு, கணிதம், அறிவியல், வரலாறு-புவியியல் எல்லோருக்கும் உண்டு. தமிழ் விருப்பப் பாடம். அதனால் ஆறாம் வகுப்பு தொடங்கியதுமே உறவினர்கள், "தமிழை விட்டுவிடு அக்கா, பிள்ளைக்குச் சுமை குறையும்" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் வீட்டிலும் தெருவிலும் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழிதான். பாடநூல் ஆங்கிலத்தில், செய்தித்தாள் பிரெஞ்சில். கோயிலை விட்டால் என் மகள் தமிழைக் காண்பது அந்த ஒரு பாடவேளையில்தான். அப்போது வகுப்பு கலையும். இந்திக்கு ஓர் அறை, உருதுக்கு ஓர் அறை என்று பிள்ளைகள் பிரிந்து போவார்கள். தமிழ் அறைக்குப் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கூட்டம் இன்னும் குறைய நாம் காரணமாகக் கூடாது என்று கணவரிடம் சொன்னேன்.

மூன்றரைக்குப் பள்ளி விட்டதும் இங்கே பிள்ளைகள் "லெசோன்" என்னும் தனிவகுப்புக்கு ஓடுவார்கள். பத்து, பதினொரு வயதில் இருட்டும்வரை படிக்க வைப்பது கொடுமை என்பதே என் எண்ணம். கணிதத்துக்கு மட்டும் அனுப்பினேன். தமிழை நானே சொல்லிக் கொடுத்தேன். நம் மொரிசியஸ் ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழ் எழுத்து இருக்கிறதே, கடைக்குப் போகும்போதெல்லாம் அதைப் படிக்கச் சொல்வேன். காவடி சமயத்தில் கோயில் அறிவிப்புகளை உரக்க வாசிப்பாள். எழுத்துக் கூட்டித் திணறியவள், தேர்வு நெருங்கியபோது பத்தியைத் தடையின்றிப் படித்தாள்.

தேர்வைவிட என்னை அலைக்கழித்தது ஏழாம் வகுப்புச் சேர்க்கைதான். நாம் விரும்பும் பள்ளிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். தேர்ச்சி நிலை, நம் விருப்பம், வீட்டின் தொலைவு ஆகியவற்றைப் பார்த்து மண்டலத்துக்குள் இடம் தருகிறார்கள். எல்லோரும் பள்ளியின் பேரைப் பார்த்தார்கள்; நான் ஒவ்வொரு பள்ளியாகப் போய், "தமிழ் ஆசிரியர் இருக்கிறாரா?" என்று கேட்டேன். ஒரு பள்ளியில், மாணவர் போதாவிட்டால் வகுப்பு நடக்காது என்றார்கள். பேர்பெற்ற அந்தப் பள்ளியைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளினேன்.

கேட்ட இடமே கிடைத்தது. மாணவர்களுக்குப் பஸ் இலவசம் என்பதால் தொலைவு பாரமாக இல்லை. அடுத்து ஒன்பதாம் வகுப்பில் என்.சி.இ. தேர்வு, பிறகு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நடத்தும் எஸ்.சி., எச்.எஸ்.சி. என்னும் மேல்நிலைத் தேர்வுகள். அவற்றிலும் தமிழ்த் தாள் உண்டு. எழுதுவேன் என்கிறாள்.